துறையும் துரையும்

உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் எங்கள் தோழி ஒருத்திக்கு வேலை விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்க, நல்லதண்ணி டவுனில் ஒரு கொம்யூனிகேஷன் கடையில் உட்கார்ந்திருந்தோம். இணையத்தில் ஒரு வேலைப் பட்டியல். 'உங்களுக்கு விருப்பமான தொழில்துறை எது?' என்று கேட்டது. வங்கி, ஆடை, தகவல் தொழில்நுட்பம், சுற்றுலா, கட்டுமானம், பெருந்தோட்டம். "நமக்குத் தெரிஞ்சது இதுதானே" என்று அவள் பெருந்தோட்டத்தைத் தட்டினாள். உதவி முகாமையாளர் தேவை, கணக்காளர் தேவை, கொழும்புத் தலைமையகத்துக்கு அலுவலர் தேவை என்று வந்தது. அவளுடைய அம்மா காலையில் பெரட்டுக்குப் போய், கொழுந்து எடுத்து, பேர் போட்டு வாழும் வேலை அதில் எங்குமே இல்லை. துறை என்று போட்டிருந்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் துரை மட்டும்தான் இருந்தார்.

அன்றைக்குச் சிரித்துவிட்டோம். பிறகு யோசித்தபோது சிரிப்பு வரவில்லை. வேலை தேடுகிறவர்களுக்காக முதலாளிகளை இப்படித் துறை துறையாகப் பிரித்து வைக்கிறார்களே, இந்தப் பிரிப்பு யாருக்கு வசதியானது? எங்களுக்கு இல்லை என்பதுதான் எங்கள் வாதம்.

எங்கள் கண்முன்னே இருக்கும் இந்தத் தேயிலை மலையையே எடுத்துக்கொள்வோம். நாட்டின் பொருளாதாரக் கணக்கில், பச்சைக் கொழுந்து வளர்ப்பது விவசாயம். அதே கொழுந்து ஸ்டோருக்குள் போய்த் தூளாகிவிட்டால் கைத்தொழில். சம்பளச் சபையின் கணக்கில் மலையும் ஸ்டோரும் சேர்ந்து 'தேயிலை வளர்ப்பு, உற்பத்தித் தொழில்' என்ற ஒரே தொழில். தூள் கொழும்புக்குப் போய் ஏற்றுமதிக்குத் தயாரானால் அது 'தேயிலை ஏற்றுமதித் தொழில்', அதற்குத் தனிச் சபை. கொழும்புப் பங்குச் சந்தையில் 'பெருந்தோட்டம்' என்றே ஒரு பிரிவு இருந்தது. 2020இல் சந்தை சர்வதேச வகைப்பாட்டுக்கு மாறியதும் தோட்டக் கம்பனிகள் 'உணவு, பானம், புகையிலை' பிரிவுக்குள் போய்விட்டன. ஒரே மலைக்கு எத்தனை பேர் பாருங்கள்! பங்கு வாங்க வருகிறவருக்காகக் கம்பனி தன் பெயரை மாற்றிக்கொள்ளலாம்.

எங்களுக்கு மட்டும் பெயர் மாறுவதே இல்லை. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் இந்த நாட்டு மக்களை நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்று துறைகளாகப் பிரிக்கிறது. 20 ஏக்கருக்குக் குறையாத நிலமும் அங்கேயே குடியிருக்கும் பத்துத் தொழிலாளர்களும் இருந்தால் அது தோட்டம். நகரமும் கிராமமும் மனிதர்கள் வாழும் இடங்களின் பெயர்கள். மூன்றாவது ஒரு முதலாளியுடைய சொத்தின் பெயர். லயத்தில் இருந்துகொண்டு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற டீச்சரும் 'தோட்டத்துறை'தான், கடையில் கணக்கு எழுதுகிற தம்பியும் 'தோட்டத்துறை'தான். வேலை மாறினாலும், முதலாளி மாறினாலும் இந்த முத்திரை போகாது. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து வந்த நம் ஆட்களுக்குத் தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகர வில்லையைக் கொடுத்து அனுப்பினார்கள். 'டின் டிக்கெட்' முறை என்று அதற்குப் பெயர். தகரம் போய்விட்டது. ஆளை முதலாளியின் பெயரில் எண்ணும் பழக்கம் போகவில்லை.

சரி, நல்லதண்ணிப் பிள்ளைகள் உண்மையில் எங்கே வேலை செய்கிறார்கள்? டிசம்பர் போயாவில் சிவனொளிபாதமலை சீசன் தொடங்கினால் வெசாக் வரைக்கும் கடை, தங்குமிடம், முச்சக்கரவண்டி, சுமை தூக்கல். சீசன் முடிந்ததும் கொழும்பில் புடவைக்கடை, சாப்பாட்டுக்கடை, கட்டட வேலை, கார்மென்ட்ஸ், வீட்டு வேலை. இதில் எந்தத் துறையில் 'அனுபவம்' என்று எழுதுவது? ஐந்து மாதம் சீசன் கடையில் நின்றவனைச் சுற்றுலாத் துறை தன் ஆளாக ஏற்குமா? மேன்பவர் ஏஜென்சி மூலமாகக் கார்மென்ட்ஸில் பெட்டி அடுக்குகிறவள் ஆடைத் துறையா, 'சேவை' துறையா? கேட்டால், வேலை வாங்குகிற கம்பனி "உங்க ஆள் ஏஜென்சி" என்கிறது, ஏஜென்சி "அங்கேயே கேளுங்க" என்கிறது.

வீட்டு வேலையின் கதை இன்னும் மோசம். ஐ.நா.வின் சர்வதேசத் தொழில்துறை வகைப்பாட்டில், வேலையாள் வைத்திருக்கும் வீடுகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. வீடும் ஒரு முதலாளிதான் என்று உலகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. இங்கே 2016இல் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் வந்தபோது வீட்டுப் பணியாளர்களை வெளியே விட்டுவிட்டார்கள். எங்கள் மலைகளிலிருந்து எத்தனை அக்காமார் அந்த வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று இங்கே எல்லா லயத்துக்கும் தெரியும்.

"வகைப்படுத்தாமல் எப்படி? ஒழுங்கு வேண்டாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. வகைப்படுத்துவதே பிழை என்று நாங்கள் சொல்லவில்லை. 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டமும் முதலாளிகளைத் தொழில் தொழிலாகப் பிரிக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பிரிப்புக்கு ஒரு கடமை இருக்கிறது. இந்தத் தொழிலுக்கு இதுதான் குறைந்த சம்பளம் என்று அது சொல்லியாக வேண்டும். கூட்டு ஒப்பந்தப் பேச்சு இழுபட்ட பிறகு, 2021இல் அந்தச் சபை வழியாகத்தான் நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனது. கம்பனிகள் நீதிமன்றத்துக்கே போயின. 2024இல் 1350 ஆனதும் அதே வழியில்தான். அந்தத் தொகை போதாது என்பது வேறு சண்டை. ஆனால் அந்தச் சண்டையைப் போட ஒரு களமாவது இருக்கிறது. வேலைப் பட்டியலில் இருக்கும் 'துறை'க்கு அப்படி எந்தக் கடமையும் கிடையாது. 'விருந்தோம்பல் துறை' என்று எழுதிவிட்டால் போதும், கோப்பை கழுவுகிறவனுக்கு எவ்வளவு, எத்தனை மணி நேரம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்போது இன்னொன்றும் நடக்கிறது. சில தோட்டங்களில் தேயிலைச் செடிகளைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, கொழுந்தைக் கிலோக் கணக்கில் வாங்குகிறார்கள். வெளிவாரி உற்பத்தி முறையாம். நேற்று வரை தொழிலாளி, இன்றைக்குக் 'கொழுந்து விநியோகிப்பவர்'. பெயர் மாறிய அன்றே கம்பனி முதலாளி இல்லை என்று ஆகிவிடுகிறது. முதலாளி இல்லையென்றால் ஈ.பி.எஃப். யார் கட்டுவது?

அதனால் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறோம். வேலைக்குப் போகுமுன் எந்தத் துறை என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். சம்பளம் கொடுக்கப்போகிற கம்பனியின் பெயர் என்ன? அது எந்தச் சம்பளச் சபைக்குக் கீழே வருகிறது? நம் சம்பளத்தில் பிடிக்கும் 8 வீதத்தோடு முதலாளி போடவேண்டிய ஈ.பி.எஃப். 12 வீதத்தையும், ஈ.டி.எஃப். 3 வீதத்தையும் போடுகிறாரா? நியமனக் கடிதம் உண்டா? இந்த நான்கையும் கேளுங்கள். விளம்பரம் போடுகிறவர்களே இந்த விபரங்களை எழுத வேண்டும், எழுதாத விளம்பரத்தை வெளியிடக்கூடாது என்று சட்டம் வர வேண்டும். அதைத் தொழிற்சங்கங்களும் நம் பாராளுமன்ற உறுப்பினர்களும் கேட்க வேண்டும். அவர்கள் கேட்கும் வரை நாங்கள் அவர்களைக் கேட்போம்.

அந்தத் தோழி விண்ணப்பத்தில் கடைசியாக 'ஏனையவை' என்பதைத் தட்டிவிட்டு எழுந்தாள். வெளியே வந்தபோது மழை பிடித்துவிட்டது. எதிர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் அப்போதும் இறங்கியிருக்கவில்லை. நாட்டுக்கு டொலர் கொண்டுவரும் வேலை அது. அந்த வேலையைச் செய்பவரின் மகளுக்கு 'ஏனையவை' என்ற கட்டம் மட்டும்தான் மிச்சம் என்றால், திருத்த வேண்டியது அவளுடைய விண்ணப்பத்தை அல்ல, அந்தப் பட்டியலை.