பனிச்சரிவும் தொழிலாளர் உயிரும்

2025 பிப்ரவரி 28-ந் தேதி, பத்ரிநாத்துக்கும் மாணா கிராமத்துக்கும் இடையே எல்லைச் சாலை அமைப்பின் தொழிலாளர் முகாம் மீது பனிச்சரிவு விழுந்தது. சிக்கிய 54 பேரில் 46 பேர் மீட்கப்பட்டனர். எட்டுப் பேர் மாண்டனர். குளிர்காலத்தில் மாணா கிராமத்தாரே கீழேயுள்ள ஊர்களுக்கு இறங்கிவிடுவது வழக்கம். அத்தகைய இடத்தில்தான் பல மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள் தங்க வைக்கப்பட்டிருந்தனர். அதே சமோலி மாவட்டத்தில் சும்னா முகாமில் 2021 ஏப்ரலில் பத்துக்கும் மேற்பட்டோர் இவ்விதமே பலியானார்கள்.

இயற்கையின் சீற்றத்துக்கு யார் என்ன செய்ய முடியும் என்று சொல்லி இதை மறந்துவிடுவதற்கில்லை. சண்டிகாரிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் முந்தைய நாளே அம்மாவட்டத்துக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை விடுத்திருந்தது. நம் நாட்டில் இவ்வாராய்ச்சி 1969-ல் மணாலியில் தொடங்கியது. ஆகவே அறிவுக்குப் பஞ்சமில்லை.

மலையில் பனி அடுக்கடுக்காகப் படிகிறது. இடையில் சர்க்கரை போல உதிரியான அடுக்கு ஒன்று அமைந்து, அதன்மேல் புதுப்பனியின் பாரம் ஏறினால், மேலடுக்கு முழுவதும் பலகை போல வழுக்கி இறங்கும். 30 முதல் 45 டிகிரி வரையுள்ள சரிவுகளில் இந்த அபாயம் அதிகம்.

இதைக் கண்டறியும் சோதனைக்குப் பெரிய இயந்திரம் வேண்டாம். பாதுகாப்பான, அதே தன்மையுள்ள ஒரு சரிவில் குழி தோண்டி, ஒவ்வோர் அடுக்கிலும் முஷ்டி, நான்கு விரல், ஒரு விரல், பென்சில், கத்தி ஆகியவற்றில் எது இறங்குகிறது என்று பார்க்கிறார்கள். பிறகு 30 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு பனித்தூணை வெட்டி, அதன் தலையில் மண்வாரியின் தகட்டை வைத்து, மணிக்கட்டை அசைத்துப் பத்து, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து என்று தட்டுகிறார்கள். சில தட்டுகளிலேயே தூண் வழுக்கி உடைந்தால் மலை பொல்லாதது என்று பொருள். 90 சென்டிமீட்டர் அகலத் தூணின் ஓரத்தில் தட்டி, விரிசல் மறுகோடி வரை ஓடுகிறதா என்று பார்ப்பது இன்னொரு முறை.

ஒரு குழி அந்த ஓர் இடத்தின் நிலையையே சொல்லும். சற்றுத் தள்ளி நிலைமை வேறாக இருக்கலாம். எனவே தூண் உடைந்தால் விலக வேண்டும். உடையவில்லை என்பதற்காக வேலைக்கு அனுப்பிவிடக் கூடாது. பனியில் நேரடியாகப் புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு கால்மணி நேரத்துக்குப் பிறகு வேகமாகக் குறைகிறது. மீட்புப் படையை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதற்கு இதுவே சான்று.

ஊரைவிட்டு வந்து, மேஸ்திரி காட்டிய இடத்தில் படுத்துறங்கும் வாழ்க்கை நம் வாசகர் பலருக்குப் புதிதல்ல. இடம் சரியில்லை என்று சொன்னால் மறுநாள் வேலை இருக்குமா என்ற அச்சத்தையும் அவர்கள் அறிவார்கள். ஆகவே தொழிலாளரின் துணிச்சலுக்கு இதை விட்டுவிடலாகாது. பனிச்சரிவு இறங்கும் பாதைகளில் முகாம் அமைக்கக் கூடாது. குளிர்கால முகாம்கள் அருகே பயிற்சி பெற்றவர்கள் இச்சோதனைகளை முறையாக நடத்தி, முடிவைத் தொழிலாளருக்கு அவர்கள் மொழியிலேயே அறிவிக்க வேண்டும். எச்சரிக்கை வந்தால் வேலை நிற்க வேண்டும். அந்த நாட்களுக்குக் கூலி பிடிக்கக் கூடாது. கூலி போய்விடும் என்றால் எந்த எச்சரிக்கையும் பயன் தராது.

எல்லைக்குச் சாலை அவசியமே. அதைப் போடுகிறவர்களின் உயிரைக் காக்கும் பொறுப்பும் அரசினுடையதே. அடுத்த பனிக்காலத்துக்கு முன் இதற்கான கண்டிப்பான உத்தரவுகளை மத்திய அரசு பிறப்பிக்க வேண்டும்.