டென்ஷன் மேல பழியைப் போடாதீங்க

செமஸ்டர் நெருங்கினால் நம்ம ஹாஸ்டல்ல ரெண்டு சாமான் வேகமா தீரும். ஒண்ணு ஜெராக்ஸ் பேப்பர், இன்னொண்ணு கேஸ் மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில் டீ, ராத்திரி பரோட்டா சால்னா, நடுவுல நெஞ்செரிச்சல். யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான்: "டென்ஷன்ல, சரியாயிரும்."

மூன்றாம் வருஷம் முழுக்க நானும் அதை நம்பினேன். மேல்வயிறு எரியும். மத்தியான கிளாஸில் கண் தானா மூடும். பாதத்தில் எறும்பு ஊருற மாதிரி இருக்கும். ஆச்சி போன்ல, "ஏல, ஒழுங்கா சாப்பிடுதியா?"ன்னு கேட்பாங்க. கடைசியில் ஒரு டாக்டர் டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். வைட்டமின் பி12 குறைவு. வயிற்றில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா.

அந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு. அல்சருக்கு மன அழுத்தமும் காரமும்தான் காரணம்னு மருத்துவ உலகமே நம்பிய காலம் அது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் இந்தக் கிருமிதான் காரணம் என்றார்கள். யாரும் நம்பலை. 1984-ல் மார்ஷல் கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு.

சரி, இதுல வைட்டமின் எங்க வருது? சாப்பாட்டிலுள்ள பி12 புரதத்தோடு ஒட்டியிருக்கும். அதைப் பிரித்தெடுக்க இரைப்பை அமிலம் வேணும். கிருமி பல வருஷம் தங்கி இரைப்பைச் சுவரைத் தேய்த்தால் அமிலம் குறையலாம்; பி12, இரும்புச்சத்து ரெண்டுமே சரியா உடம்பில் சேராது. எங்க வீடு சைவம், எனக்குப் பாலும் பிடிக்காது. அதனால என் குறைபாட்டுக்குக் கிருமி மட்டும்தான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன்.

பாக்டீரியா எல்லாம் எதிரியும் இல்லை. 1980-ல் வேலூர் சி.எம்.சி.யின் ஆல்பர்ட், மாத்தன், பேக்கர் மூவரும் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்: ஆரோக்கியமான தென்னிந்தியர்களின் சிறுகுடலில் இருக்கும் சில பாக்டீரியாக்கள் பி12-ஐத் தயாரிக்கின்றன. வயிறு அவ்வளவு சிக்கலான சிஸ்டம். அதை "டென்ஷன்" என்ற ஒரே வார்த்தையில் மூடிவிடலாமா?

டென்ஷனுக்குப் பங்கே இல்லைன்னு சொல்லலை. கவலை வந்தா கார்டிசால் ஏறும், குடலின் அசைவு மாறும், சின்ன வலியும் பெரிசாத் தெரியும். தொற்று வந்தாலும் உடம்பு அழற்சி சிக்னல் அனுப்பி அதே கார்டிசாலை ஏற்றும். பி12 குறைந்தால் சோர்வு, மறதி. படிச்சது நிக்காது, மறுபடி கவலை. எது காரணம், எது விளைவுன்னு வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதுக்குத்தான் டெஸ்ட்.

நாம என்ன செய்யுதோம்? மெடிக்கல் ஷாப்பில் நாமளே அமிலத்தைக் குறைக்கிற மாத்திரை வாங்கி மாசக்கணக்கில் போடுதோம். எரிச்சல் அடங்கும், கிருமி அப்படியே இருக்கும். இந்த வகை மாத்திரைகளில் பலவற்றை நீண்ட நாள் தின்றால் பி12 இன்னும் குறையலாம். பிரேக்கர் ட்ரிப் ஆகும்போதெல்லாம் வயரிங்கைப் பார்க்காம ரீசெட் பண்ணினா லேப்ல நம்மை வெளியே அனுப்புவாங்க. சொந்த உடம்புல அதையேதான் செய்யுதோம்.

தாமிரபரணித் தண்ணி குடிச்சு வளர்ந்த உடம்பு, ஒண்ணும் செய்யாதுன்னு நமக்கொரு பெருமை. பெரும்பாலும் சின்ன வயசிலேயே, வீட்டுக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும் இந்தக் கிருமிக்கு அந்தப் பெருமை தெரியாது.

ரெண்டு வாரத்துக்கு மேல எரிச்சல் இருந்தா ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கோ, தெரிந்த டாக்டரிடமோ போங்க. "கிருமி டெஸ்ட் எடுக்கலாமா, பி12 பார்க்கலாமா?"ன்னு வாய்விட்டுக் கேளுங்க. ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் பாதியில் நிறுத்தாதீங்க. நிறுத்தினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும்.

அடுத்த தடவை ரூம்மேட் வயிற்றைப் பிடிச்சிட்டு உட்கார்ந்தா "டென்ஷன்ல" என்று மட்டும் சொல்லாதீங்க. "வா, டாக்டர்கிட்ட போவோம்"னு கூட்டிட்டுப் போங்க. என்கிட்ட அதை யாராவது ஒரு வருஷம் முன்னாடியே சொல்லியிருக்கலாம்.