பிஸ்டனைக் கொண்டு வா, அப்புறம் பேசலாம்

எங்க வீட்டுத் திண்ணையில் மூணு மாசமா ஒரு இரும்பு பிளாக் கிடந்தது. பால் எடுக்க வர்றவர் தினமும் பார்த்துட்டு, "என்னண்ணே, கிணத்து மோட்டாரா?" என்று கேட்பார். மோட்டார் இல்லை. 1984-ம் வருஷத்து அம்பாசிடர் மார்க் 4, பெட்ரோல் வண்டி. அப்பா கரும்புப் பணத்தில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. அதோட இன்ஜின்தான் சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தது.

"எடைக்குப் போட்டுட்டு ஒரு மாடு வாங்குங்க" என்பது வீட்டுக்காரம்மா கட்சி. பெங்களூரிலிருந்து ஒருத்தர் வந்தார். "பாடி நல்லா இருக்கு, இன்ஜின் வேணாம், வேற இன்ஜின் போட்டுக்கறேன்" என்று நல்ல விலைதான் சொன்னார். மனசு ஒப்பவில்லை.

காரணம் இருக்கு. எங்க ஊர் கச்சிராயபாளையம் பக்கம், கல்வராயன் மலை அடிவாரம். 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டுக்கு வந்ததே 2008-ல்தான். அதுக்கு முன்னாடி மலையிலிருந்து வலியோடு இறங்கி வந்த எத்தனையோ பொம்பளைங்களை அப்பா இந்த வண்டியில்தான் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். டீசல், பெட்ரோல் காசு வாங்கினதா எனக்கு ஞாபகம் இல்லை. மலைக்காரங்க பலாப்பழம் கொண்டுவந்து திண்ணையில் வச்சுட்டுப் போவாங்க. அப்பா போய் ஆறு வருஷம் ஆச்சு, பலாப்பழம் இன்னும் வருது. வண்டியைக் கொடுத்துட்டு அந்தப் பழத்தை எந்த முகத்தோடு சாப்பிடுவது?

வண்டிக்கு வந்த நோய் நீலப் புகை. சிலிண்டர் தேய்ஞ்சா ரிங் ஆயிலைத் தடுக்காது, ஆயில் பெட்ரோலோடு சேர்ந்து எரியும். ரீபோர் பண்ணணும். நான் பண்ணின முதல் தப்பு, பக்கத்தில் எந்தப் பட்டறையில் பெரிய மெஷின் இருக்குன்னு பார்த்து பிளாக்கை இறக்கினது. எந்த ஊர், எந்தப் பட்டறை என்பது வேண்டாம். அங்கே அளவே எடுக்கவில்லை. விரலை விட்டுத் தடவிப் பார்த்து, "20 தவ் ஏத்திடலாம்" என்றார்கள். பிஸ்டன் வருவதற்குள் போரிங் முடிஞ்சுபோச்சு. கோத்து ஓட்டினால் காலையில் குளிர்ந்த இன்ஜின் 'டொக் டொக்' என்று தட்டுது. நானூறு கிலோமீட்டரில் மறுபடி புகை.

இதில் என்ன நஷ்டம் என்று நகரத்தில் இருக்கிறவர்களுக்குச் சொல்லணும். ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி ஏறக்குறைய ஒரு தலைமுடி கனம்தான். ஓவர்சைஸ் பிஸ்டன் 20, 40 என்று படிப்படியாகத்தான் வரும். ஒவ்வொரு தடவை கடையும்போதும் பிளாக்குக்கு ஒரு ஆயுசு போகுது. சுவர் மெலிஞ்சா அப்புறம் ஸ்லீவ் அடிக்கணும். ஆழ்துளைக் கிணறு மாதிரிதான். நூறு அடி போட்டதை அம்பது அடி ஆக்க முடியாது. அம்பாசிடர் உற்பத்தி 2014-ல் உத்தர்பாராவில் நின்றுபோச்சு. புது பிளாக் எங்கே போய்க் கேட்பது?

அப்புறம்தான் தேடல். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், ஆத்தூர் என்று விசாரிச்சேன். கார் மெக்கானிக் யாருக்கும் தெரியவில்லை. "இப்ப யாருண்ணே ரீபோர் பண்றா, இன்ஜினையே மாத்திடுவாங்க" என்றார்கள். கடைசியில் வழி சொன்னது எங்க டிராக்டர் மெக்கானிக். சேலத்தில் ஒரு சந்து, போர்டுகூட இல்லாத பட்டறை. பிளாக்கையும் கிராங்க்கையும் குட்டி யானையில் ஏத்திக்கொண்டு போனேன்.

மேஸ்திரிக்கு அறுபத்தஞ்சு வயசு இருக்கும். பிளாக்கைத் தொடவே இல்லை. "பிஸ்டன் எங்க தம்பி?" என்றார். இல்லை என்றேன். "பிஸ்டனைக் கொண்டு வா, அப்புறம் பேசலாம்." அவ்வளவுதான், திரும்பி வேலையைப் பார்க்கப் போய்விட்டார். கோவம் வந்தது. நூறு கிலோமீட்டர் வந்திருக்கேன். ஆனா திரும்பி வர்ற வழியிலேயே புரிஞ்சுது, நான் தேடின ஆள் இவர்தான்.

அடுத்த வாரம் 40 சைஸ் பிஸ்டனோடு போனேன். டயல் கேஜை வைத்து ஒவ்வொரு சிலிண்டரையும் மேலே, நடுவில், கீழே, நீளவாக்கில், குறுக்குவாக்கில் அளந்தார். சாக்பீஸில் பிளாக் மேலேயே எழுதினார். அப்புறம் நாலு பிஸ்டனையும் அளந்து, எது எந்த சிலிண்டருக்கு என்று நம்பர் போட்டார். ஒரே பெட்டியில் வர்ற நாலும் இம்மி பிசகாமல் ஒண்ணா இருக்காதாம். ஹெட்டைப் பார்த்துட்டு, "எக்ஸாஸ்ட் சீட்டை மாத்திடு, இது ஈயம் கலந்த பெட்ரோலுக்குச் செஞ்சது" என்றார். 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுக்க ஈயம் இல்லாத பெட்ரோல்தான். பழைய வண்டியின் வால்வு சீட்டுக்கு ஈயம்தான் மெத்தை மாதிரி இருந்திருக்கு. அது போனதும் சீட் தேயுது. இப்போ எத்தனால் வேற இருபது சதவீதம். நான் விளைவிக்கிற கரும்பும் மக்காச்சோளமுமே எத்தனாலா மாறி வந்து என் காரோட ரப்பர் குழாயைத் தின்னும்போது யார்கிட்டப் போய்ச் சண்டை போடுவது?

அந்தப் பட்டறையில் ரெண்டு போரிங் மெஷின். ஒண்ணு சாக்கு மூடிக் கிடந்தது. ஏன் என்று கேட்டேன். "ஆள் இல்ல."

இதைத்தான் நான் சொல்ல வந்தது. ஒரு காலத்தில் கிணத்துக்குக் கிணறு டீசல் இன்ஜின் ஓடியது. வருஷத்துக்கு வருஷம் ரீபோர், கிராங்க் கிரைண்டிங். தாலுகா ஊரில்கூட இந்த வேலை தெரிஞ்சவங்க இருந்தாங்க. கரண்ட் மோட்டார் வந்து, 1990-லிருந்து விவசாயத்துக்கு மின்சாரமும் இலவசம் ஆனதும் அந்த இன்ஜின் எல்லாம் எடைக்குப் போச்சு. அதை நான் குறை சொல்லமாட்டேன், அந்தக் கரண்டில் பிழைக்கிறவன் நான். புது காருக்கும் கடையும் வேலை கிடையாது. மிச்சம் இருக்கிற பட்டறைகள் டிராக்டராலும் நெல் அறுக்கிற மெஷினாலும் போர்வெல் லாரியாலும்தான் மூச்சு விடுது. சென்னை, கோவையில் ஞாயித்துக்கிழமை பளபளன்னு அணிவகுத்து வர்ற பழைய கார்களைப் பார்த்துக் கைதட்டுகிறவர்கள் ஒண்ணு தெரிஞ்சுக்கணும். அந்தக் கார்களுக்கு உயிர் கொடுக்கிற கை எங்க சேத்து டிராக்டர் போடுற சோத்தில்தான் இன்னும் வேலை செய்யுது.

சரி, ஆள் ஏன் இல்லை? மலைமேலிருந்து ஒரு பையன். அவன் பிறக்கிறதுக்கு அவங்க அம்மாவை அப்பா இந்த வண்டியில்தான் கூட்டிப்போனார். ஐ.டி.ஐ. டர்னர் முடிச்சவன். இப்போ ஒரகடத்தில் கான்ட்ராக்டில் ஒரே ஒரு பட்டனை அமுக்குகிற வேலை. அவனைச் சேர்த்துக்கறீங்களா என்று மேஸ்திரியைக் கேட்டேன். "வரச்சொல்லு. ஆனா கத்துக்க மூணு வருஷம் ஆகும். அதுவரைக்கும் அவனுக்கு நான் சம்பளம் குடுக்கணும்னா நீங்கள்லாம் எனக்குக் கூலி குறைக்காம குடுக்கணும்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. மொத்த வேலைக்கும் அவர் கேட்டது 9,500 ரூபாய். நான் பேரம் பேசி 500 குறைச்சிருந்தேன். அதே மாசம் பையனோட செல்போன் கண்ணாடி உடைஞ்சதுக்கு வாயே திறக்காமல் ஆறாயிரம் கொடுத்தவன் நான். மரவள்ளிக்கு விலை இல்லை, கரும்புக்கு நிலுவை வரலைன்னு ஊரெல்லாம் புலம்புகிற நானே இன்னொருத்தன் உழைப்புக்கு விலை குறைக்கிறேன். அன்னிக்கே அந்த 500-ஐ எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், நன்றி எல்லாம் சொல்லவில்லை. அவர் காசுதானே.

பழைய வண்டி வச்சிருக்கிறவங்களுக்கு என் அனுபவத்தில் சொல்றேன். கார் ஷோரூம் பக்கம் தேடாதீங்க, டிராக்டர் மெக்கானிக்கைக் கேளுங்க. பட்டறைக்குப் போனதும் மெஷினைப் பார்க்காதீங்க, அளவெடுக்கிற கருவி எங்கே இருக்குன்னு பாருங்க. துணியில் சுத்திப் பெட்டிக்குள் வச்சிருந்தா நல்ல இடம். பிஸ்டன் இல்லாமல் கடைய ஒத்துக்கிட்டா பிளாக்கைத் திருப்பி ஏத்துங்க. முடியாது என்று சொல்லத் தெரிஞ்ச ஆளை விட்டுடாதீங்க. கூலியில் பேரம் வேண்டாம்.

இன்ஜின் ஏறிடுச்சு. புகை இல்லை, தட்டல் இல்லை. முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு அம்பதுக்கு மேலே போகக்கூடாது, மலை ஏத்தக்கூடாது என்பது மேஸ்திரி உத்தரவு. கச்சிராயபாளையத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் மாட்டுவண்டி மாதிரி ஓட்டிக்கொண்டிருக்கேன். ஒரகடத்துப் பையன் பொங்கலுக்கு வர்றேன்னு சொல்லியிருக்கான். வந்தால் சேலத்துக்கு இந்த வண்டியிலேயே கூட்டிப்போகலாம் என்று இருக்கேன். வெள்ளிமலை ஏற இன்னும் அறுநூறு கிலோமீட்டர் பாக்கி.