நடக்கிறார் என்பதாலேயே சாதாரண காயமா?

சாதித் தாக்குதலில் அடிபட்டு மருத்துவமனைக்கு வரும் நம் மக்களிடம், "நடக்க முடிகிறதா?" என்று கேட்கிறார்கள். முடிகிறது என்றால் ஒரு ஊசி, ஒரு எக்ஸ்ரே, 'சாதாரண காயம்' என்றொரு குறிப்பு. தென்னையிலிருந்தும் கட்டடச் சாரத்திலிருந்தும் விழும் கூலித் தொழிலாளிக்கும் பல நேரம் இதே கதிதான்.

நடப்பது முதுகெலும்பு நலமாக இருப்பதற்குச் சான்று அல்ல. உடைந்தாலும் இடம் பெயராமல் தாங்கி நிற்பது நிலையான முறிவு. அசைந்தால் நழுவித் தண்டுவடத்தை நசுக்கக்கூடியது நிலையற்ற முறிவு. முதுகெலும்பை முன், நடு, பின் என்று மூன்று தூண்களாகப் பார்க்கும் முறையை 1983இல் டெனிஸ் என்ற மருத்துவர் வகுத்தார். இரண்டு தூண்கள் சிதைந்தால் அதை நிலையற்றதாகக் கருத வேண்டும். காலையில் நடந்து வந்தவர் மாலையில் கால் உணர்வை இழக்கக்கூடும்.

எக்ஸ்ரே மட்டும் போதாது. கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தைத் தோள்பட்டை மறைத்துவிடும். எலும்பு முறிவைத் தெளிவாகக் காட்டுவது சி.டி. ஸ்கேன், தண்டுவடத்தையும் தசைநார்களையும் காட்டுவது எம்.ஆர்.ஐ. உயரத்திலிருந்து விழுந்து குதிகால் எலும்பு உடைந்தவருக்கு முதுகெலும்பையும் பார்த்தாக வேண்டும்.

தவறவிட்ட முறிவு உடலோடு நிற்பதில்லை, வழக்கையும் முடமாக்குகிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 116ஆம் பிரிவுப்படி எலும்பு முறிவு கொடுங்காயம். காயச் சான்றிதழில் அது இல்லையென்றால் தாக்கியவர் மீதான பிரிவும் இலகுவாகிவிடும்.

எனவே அடிபட்டவரைக் கை கால் பிடித்துத் தூக்காதீர்கள். இருசக்கர வாகனத்தில் நடுவே உட்கார வைத்துக் கொண்டுபோகாதீர்கள். தலை, கழுத்து, முதுகு ஒரே நேராக இருக்கும்படி படுக்க வைத்து 108ஐ அழையுங்கள். நடுமுதுகில் வலி, காலில் மரத்துப்போதல், சிறுநீர் வராமை எதுவானாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அது பதிவேட்டில் எழுதப்பட்டதா என்றும் கேளுங்கள். படித்த இளைஞர்கள் உடன் செல்லுங்கள்.

மாவட்ட நிர்வாகத்திடம் நாம் கேட்பது ஒன்றுதான்: முதுகெலும்பில் அடிபட்ட அறிகுறி இருந்தால், சி.டி. எடுக்காமல் 'சாதாரண காயம்' என்று எழுதக் கூடாது. வசதி இல்லாத மருத்துவமனை, வசதியுள்ள இடத்துக்கு ஆம்புலன்சில் படுக்க வைத்து அனுப்ப வேண்டும். உடலுழைப்பை நம்பி வாழ்பவருக்கு முதுகெலும்புதான் சொத்து.