அறிவியல் பக்கம்: ஐயம் எனும் உரைகல்

ஒரு செய்தி காதில் விழுந்தவுடன் நம்பிப் பிறரிடம் பரப்புவது எளிது. தீர விசாரித்துத் தெளிவதே அரிது. ஈர்ப்பு அலைகளைத் தேடிய விஞ்ஞானிகளின் வரலாறு இதற்கு நல்லதொரு சான்றாகும்.

விண்ணில் மாபெரும் பொருள்கள் மோதி இணைகையில், குளத்தில் கல் விழுந்தாற்போல் வெளியில் அலைகள் பரவும். 1916ஆம் ஆண்டிலேயே ஐன்ஸ்டீன் இவ்வலைகளை முன்னறிவித்தார். அலை கடந்து செல்கையில் ஒரு திசையில் நீளம் இம்மியளவு கூடும். அதற்குக் குறுக்கான திசையில் குறையும்.

அமெரிக்க விஞ்ஞானி ஜோசப் வெபர் பெரிய அலுமினிய உருளைகளைத் தொங்கவிட்டு, அலை பட்டு அவை அதிர்கின்றனவா என்று கவனித்தார். அலைகளைக் கண்டுவிட்டதாக 1969இல் அறிவித்தார். ஆனால் பிறர் அதே சோதனையைச் செய்தபோது ஒன்றும் புலப்படவில்லை.

பின்னர் வந்தது ‘லைகோ’ என்னும் ஆய்வகம். செங்கோணமாக அமைந்த, 4 கிலோமீட்டர் நீளமுள்ள இரு வெற்றிடக் குழாய்களில் லேசர் ஒளி பிரிந்து சென்று, கண்ணாடிகளில் பட்டு மீண்டு வந்து சேரும். நீளம் அணுக்கருவினும் மிக நுண்ணிய அளவில் மாறினாலும் ஒளி அதைக் காட்டிக்கொடுக்கும். ஆயினும் தொலைவில் ஓடும் லாரியும், கரையில் மோதும் கடலலையுங்கூடக் கருவியை நடுங்கச் செய்யுமன்றோ? ஆகவே ஹான்ஃபோர்டிலும் லிவிங்ஸ்டனிலும் 3000 கிலோமீட்டர் இடைவெளியில் இரு கருவிகள் நிறுவப்பட்டன. இரண்டிலும் ஒரே வடிவில் பதியாத அதிர்வு எளிதில் ஏற்கப்படுவதில்லை.

அதுவும் போதாதென்று, 2010இல் ஒரு சிலர் மட்டும் அறியப் போலி அலையொன்று கருவிகளில் இரகசியமாகப் புகுத்தப்பட்டது. மற்றவர்கள் மாதக்கணக்கில் ஆராய்ந்து, கட்டுரையும் எழுதி முடித்தனர். அதன் பின்னரே உண்மை வெளியிடப்பட்டது. தம்மைச் சோதிக்கத் தாமே ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது.

2015 செப்டம்பர் 14 அன்று இரு கருவிகளும் ஏறத்தாழ ஒரு விநாடியில் ஆயிரத்தில் 7 பங்கு இடைவெளியில் ஒரே அதிர்வைப் பதிந்தன. இதுவும் போலியோ என்பதே அவர்களுக்கு முதலில் எழுந்த ஐயம். அது போலியன்று, சுமார் 130 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இரு கருந்துளைகள் இணைந்ததன் அலை! எனினும் ஐந்து மாதம் சரிபார்த்து, 2016 பிப்ரவரி 11 அன்றுதான் உலகுக்கு அறிவித்தனர்.

வெபரின் முடிவு நிலைக்கவில்லை. ஆயினும் கருவி கொண்டு தேடும் வழியைத் திறந்துவைத்தவர் அவரே. ஐயுறுதல் அறிவுக்குப் பகையன்று. பொன்னையும் பித்தளையையும் பிரித்துக் காட்டும் உரைகல் அது.