புகையில் தெரியாதது

மெத்தனாலையும் டீசலையும் ஒரே சிலிண்டரில் எரிப்பது குறித்து நம் பார்வைக்கு வரும் கட்டுரைகளிற் பல, புகைக்கரியும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் குறைந்தன என்பதை வரைபடமாகக் காட்டிவிட்டு அத்துடன் திருப்தியடைந்து விடுகின்றன. அந்தத் திருப்தி பூரணமானதன்று என்பது நமது திடமான அபிப்பிராயம்.

குறைவு மெய்யானதே. எடையில் சரிபாதி ஆக்ஸிஜனாகவும், கார்பன் அணுக்கள் ஒன்றோடொன்று பிணையாததாகவும் உள்ள எரிபொருளில் கரி விளைய இடமேது? கிலோவுக்கு ஏறக்குறைய 1,100 கிலோஜூல் உஷ்ணத்தை விழுங்கி ஆவியாவதால் சுவாலையின் உக்கிரமும் தணிகிறது. ஆயினும் அதே சுபாவம், சீட்டேன் எண் 5-ஐயும் எட்டாத அதன் மந்தத்தோடு சேர்ந்து, டீசல் பற்றிக்கொள்வதையே தாமதப்படுத்துகிறது.

இன்டேக் குழலில் மெத்தனாலைத் தெளிக்கும் எஞ்சினில், குறைந்த சுமையின்போது, பிஸ்டனின் முதல் வளையத்துக்கு மேலுள்ள இடுக்கில் ஒதுங்கிய கலவையைச் சுவாலை தீண்டுவதில்லை. பிஸ்டன் இறங்குகையில் அது வெளிப்போந்து, அரைகுறைச் சூட்டில் ஆக்ஸிகரணமடைந்து, ஃபார்மால்டிஹைட் என்ற நிலையிலேயே நின்றுவிடுகிறது. ஹைட்ரோகார்பனை அளக்க நாம் நம்பியிருக்கும் சுவாலை அயனிக் கருவியோ மெத்தனாலைக் குறைத்துக் காட்டுகிறது. ஃபார்மால்டிஹைடை அநேகமாகக் காண்பதேயில்லை. நைட்ரிக் ஆக்ஸைடில் ஒரு பகுதி நைட்ரஜன் டை ஆக்ஸைடாக மாறுவதும், இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகத் தருகையில் மறைந்து போகிறது. ஆக்ஸிகரண வினையூக்கி இருக்கிறதே எனின், குளிர்ந்த புகையில் அது விழித்தெழுவதில்லை.

தியான்ஜின் பல்கலைக்கழகத்தார் தங்கள் கூட்டு எரிப்பு முறையில், எஞ்சினைக் கிளப்பும்போதும் குறைந்த சுமையிலும் டீசலை மட்டுமே எரித்து, சுமை ஏறிய பின்னரே மெத்தனாலைச் சேர்ப்பது இவ்விஷயத்தில் விவேகமான வழி. 2015-ல் மெத்தனாலுக்கு மாற்றப்பட்ட ஸ்டீனா ஜெர்மானிக்கா கப்பலிலோ, மெத்தனால் உயர் அழுத்தத்தில் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சப்பட்டு, சிறிதளவு டீசலால் பற்றவைக்கப்படுகிறது. ஆதலின் இடுக்கில் ஒதுங்கும் எரிபொருளும் சொற்பம். இவ்விரு முறைகளின் எண்களையும் ஒரே அட்டவணையில் கலந்து வைத்து முடிவு காண்பது நியாயமாகாது.

மெத்தனாலின் பங்கை எடையாலன்றி ஆற்றலாற் குறிக்க வேண்டும். ஒரு கிலோ டீசலின் வெப்பத்துக்கு இரண்டு கிலோவுக்கு மேல் மெத்தனால் வேண்டியிருப்பதால், எடைக் கணக்கு அதன் பங்கைப் பெருக்கிக் காட்டும். கால் சுமையில் எரியாத மெத்தனாலையும் ஃபார்மால்டிஹைடையும் அகச்சிவப்பு நிறமாலை முறையில் தனித்தனியே அளந்து தராத கட்டுரைகளை, அவற்றைப் பூர்த்தி செய்து அனுப்புமாறு வேண்டி, இனி ஆசிரியர்களுக்கே திருப்பி அனுப்புவோம்.