வலியை மறைப்பது வீரமல்ல

குடலிறக்கத்துக்கோ குடல்வாலுக்கோ அறுவை சிகிச்சை செய்துகொண்டு கொல்கத்தா மருத்துவமனைகளில் படுத்திருக்கும் நம்மவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. டாக்டர் வந்து விசாரித்தால் "டிக் ஆச்சே" என்று தலையாட்டிவிடுவார்கள். பாஷை வராத தயக்கம் பாதி. வலி என்று சொன்னால் இன்னும் நாலு நாள் படுக்க வைத்துவிடுவார்களோ, சம்பளம் போய்விடுமோ என்ற கவலை மறுபாதி.

இது உதவாத பொறுமை. வயிற்றில் தையலோடு வலிக்கு அஞ்சுகிறவர் ஆழமாக மூச்சு விடமாட்டார், இருமிச் சளியைத் துப்பமாட்டார், எழுந்து நடக்கமாட்டார். விளைவு, நெஞ்சில் சளி கட்டி நிமோனியா வரலாம். காலில் ரத்தம் உறையலாம். சீக்கிரம் வேலைக்குத் திரும்ப மறைத்த வலியே திரும்பவிடாமல் செய்துவிடும்.

அறுவையின் வேதனையைப் போக்கும் ஈதர், அமெரிக்காவில் செய்துகாட்டப்பட்ட மறு ஆண்டே, 1847ல், இந்நகருக்கு வந்துவிட்டது. மேஜை மேல் வலி வேண்டாம் என்று முடிவாகி இத்தனை காலமான பின், கட்டிலில் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பானேன்?

வலிக்கு வங்காள மொழியில் 'பேத்தா', எரிச்சலுக்கு 'ஜாலா'. அதுவும் வாயில் வராவிட்டால் விரல்கள் இருக்கின்றன. வலியே இல்லையென்றால் பூஜ்யம், தாங்கவே முடியாதென்றால் பத்து என்பது மருத்துவர்கள் எங்கும் அறிந்த கணக்கு. படுத்திருக்கும்போது எத்தனை, இருமும்போது எத்தனை என்று விரலைக் காட்டினால் போதும்.

வீடு திரும்பிய பின், வலி உச்சத்துக்கு ஏறும்வரை காத்திராமல் சீட்டில் எழுதிய நேரப்படி மாத்திரை சாப்பிட வேண்டும். இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டால் வலி குறையும். மெஸ் நண்பர் கொடுத்த மாத்திரையைச் சேர்ப்பது ஆபத்து. பெயர் வேறானாலும் உள்ளே இருப்பது அதே பாராசிட்டமாலாக இருக்கலாம். அளவு மிஞ்சினால் ஈரல் கெடும். குறைய வேண்டிய வலி கூடினாலோ, காய்ச்சல், சீழ், கெண்டைக்கால் வீக்கம், மூச்சுத்திணறல் கண்டாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சம்பளக் கவலைக்கும் ஓரளவு பதில் உண்டு. ஈ.எஸ்.ஐ. சந்தா கட்டி, விதிப்படி தகுதி பெற்ற தொழிலாளிக்கு, மருத்துவச் சான்றிதழின் பேரில் ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் கிடைக்கும். அன்றாடக் கூலிக்காரருக்கு இந்த ஆதரவு இல்லாதது பெரும் குறை. அரசு இதைக் கவனிக்க வேண்டும்.

நம்மாலும் ஆவது ஒன்று உண்டு. பல்லாண்டு இங்கே வாழ்ந்து வங்காளம் பேசக் கற்றவர்கள், புதிதாக வந்தவரின் கட்டிலருகே அரை மணி நேரம் நின்று, அவர் வலியை டாக்டரிடம் எடுத்துச் சொல்லட்டும். அதைவிடச் சிறந்த தொண்டு வேறில்லை.